பிள்ளைகளை வளர்க்கிற ஒரு தாய் குடியை விட்டபடியே இருப்பது எப்படி?

குடிக்காமல் 40 நாள் ஆகிவிட்டது, பகலில் பரவாயில்லை, பின்னேரம் இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக அழத் தொடங்கினால் மனம் போத்தலைத் தேடுகிறது, எல்லோரும் "பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாவது விடு" என்கிறார்கள், முகத்தைப் பார்த்தால் இன்னும் குடிக்கத்தான் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். மகளுக்குப் 13, மகனுக்கு 6. விட்டு நாலு வருடம், நடுவில் ஒரு நாள் தவறினேன், அதையும் சொல்கிறேன்.

மகன் பிறந்து துடக்குக் கழியாத நாளில் உடம்புக் குளிருக்கு என்று அம்மம்மா ஒரு மூடி பிரண்டி தந்தார். அவருக்கு அப்படித்தான் அவரது தாயும் தந்திருக்கிறார், அவரில் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் பல வாரமாக நித்திரை இல்லாமல் கிடந்த எனக்கு அன்று இரவு நித்திரை வந்தது. அதைத்தான் உடம்பு பிடித்துக்கொண்டது. கணவருக்கு வவுனியாவில் வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அலுமாரியில் இருந்த அவருடைய சாராயத்தில் எடுத்துவிட்டு, நிறம் தெரியாமல் இருக்கப் பிளேன்டீயை ஊற்றி வைத்தேன். பிறகு அதுவும் போதாமல், பாண் வாங்கித் தரும் ஓட்டோக்காரத் தம்பியிடம் "அவர் வரப்போகிறார்" என்று சொல்லி ஒரு கால் போத்தலும் சேர்த்து எடுப்பித்தேன்.

நான் குடித்த நாட்களில், நம் நாட்டில் பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்று 1979இல் போட்ட தடை இருந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திரும்பக் கொண்டுவரச் செய்தார். அந்தத் தடை என்னைக் குடிக்காமல் வைக்கவில்லை. இன்னொருவர் கையால் வாங்க வைத்தது, இன்னும் ஆழமாக ஒளிக்க வைத்தது, அவ்வளவுதான். ஊரும் அப்படித்தான். ஆண் குடித்தால் வீட்டுக்காரர் பத்துப் பேரிடமாவது சொல்லி அழுவார்கள், பெண் குடித்தால் அவளே தனக்குச் சொல்லமாட்டாள்.

ஒரு நாள் கவனித்தேன், பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு மகள் தம்பியை என்னிடம் தருவதில்லை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒன்றும் சொல்லமாட்டாள், கோபமும் இல்லை, அவனுக்குத் தானே முகம் கழுவி, தன் பாயில் போட்டுத் தட்டி நித்திரையாக்குவாள். எனக்கு நெஞ்சு வெடித்தது. அன்று வழமையை விடக் கூடுதலாகக் குடித்தேன். உங்களுக்கு நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளையின் முகம் குற்ற உணர்வைத் தருகிறது, அதை அடக்க நமக்குத் தெரிந்த ஒரே மருந்து போத்தல்தான். அதனால் பிள்ளைகளைக் காவலுக்கு வைக்காதீர்கள். அது அவர்கள் தூக்கக்கூடிய பாரம் இல்லை. நான் தவறினால் "அப்ப நான் அம்மாவுக்குப் போதாதோ" என்றுதான் அந்தப் பிள்ளை யோசிக்கும்.

நான் விட்ட விதம் பிழை. யாருக்கும் தெரியாமல் குடித்ததை யாருக்கும் தெரியாமலே விட நினைத்தேன். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் என்று விரதம் பிடித்தால் முருகன் பார்த்துக்கொள்வார் என்று தொடங்கினேன். முதல் நாள் இரவே கை நடுக்கம், வேர்வை. அடுத்த நாள் குசினியில் வலிப்பு வந்து விழுந்தேன். பார்த்தவள் மகள். விரதக் களை என்று எல்லோரும் நினைக்க, வார்ட்டில் ஒரு பெண் டொக்டர் மட்டும் மாமியை வெளியே அனுப்பிவிட்டு, "எவ்வளவு குடிக்கிறனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் என் முதல் உண்மை.

நீங்கள் 40 நாள் கடந்துவிட்டீர்கள், இது இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு. தினமும் கூடுதலாகக் குடிக்கும் உடம்பு சடுதியாக நிறுத்தினால் 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் ஆள் தடுமாறி, இல்லாததையெல்லாம் காணும் நிலையும் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகும். எனக்குப் படிப்படியாகக் குறைக்கும் குளிசையும் விற்றமின் பி1 ஊசியும் தந்தார்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, அரச வைத்தியசாலை என்றபடியால் காசு கட்டத் தேவையில்லை. நேரில் போக முடியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குக் கோல் எடுக்கலாம். ஒரே அளவைக் குடித்தாலும் ஆணை விடப் பெண்ணின் இரத்தத்தில் மது கூடுதலாக ஏறும், நம் உடம்பில் தண்ணீர் குறைவு. "நான் கொஞ்சம்தானே" என்று ஆண்களோடு ஒப்பிட்டு இருக்கவேண்டாம். பால் கொடுப்பவராக இருந்தால், இரத்தத்தில் இருக்கும் மது பாலிலும் இருக்கும், கறந்து ஊற்றினாலும் அது விரைவாகக் குறையாது.

கிளினிக்கில் முதல் நாள், வாங்கில் இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள், பக்கத்தில் மனைவிமார். என் பெயரைக் கூப்பிட்ட தாதி, "கணவர் எங்க, அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். எனக்குத்தான் மருந்து என்று சொல்லும்போது தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் கணவரோடு வந்திருந்த ஒரு வடமராட்சி அக்கா என் கையைப் பிடித்து இருத்தினார். அவர் ஒரு சொட்டும் குடித்ததில்லை, ஆனால் 15 வருடமாகக் குடியோடு வாழ்ந்தவர். போன் நம்பரைத் தந்து, "பின்னேரம் ஆறு மணிக்கு எடும், கறி என்ன வைச்சனீர் எண்டு மட்டும் சொன்னாலும் காணும்" என்றார். இன்றைக்கும் எடுக்கிறேன். தேங்காய் திருவும்போது போனைத் தட்டில் சாய்த்து வைத்துவிட்டுக் கதைப்போம்.

கேட்டதற்கு என் பதில் அந்த ஆறு மணிதான். ஐந்திலிருந்து எட்டு வரைதான் எனக்கு ஆபத்து: மகள் ரியூசனால் வருவாள், சின்னவன் அழுவான், எனக்கும் பசி. நெடுநாள் அந்தப் பசியைக் குடிக்கிற ஆசை என்றே நினைத்திருந்தேன். இப்போது ஐந்து மணிக்கே பாணும் பருப்பும் ஏதாவது சாப்பிட்டுவிடுவேன், இரவுக் கறியைக் காலையிலேயே வைத்துவிடுவேன். கணவர் வீட்டில் போத்தல் வைப்பதை நிறுத்தினார், அதற்கு இரண்டு மாதம் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. கனடாவிலிருந்து வரும் சொந்தக்காரர் சாமத்தியவீட்டில், "இது பொம்பிளையள் குடிக்கிறதுதானே, இனிப்பு" என்று ஒரு கிண்ணத்தை நீட்டுவார்கள். முதலில் "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்றேன். இப்போது "நான் குடியை விட்டவள்" என்றே சொல்கிறேன், யாரும் இரண்டாம் தரம் கேட்பதில்லை.

தவறியது ஏழாம் மாதம், அப்பா செத்த பிறகு அவருக்குப் படைக்கும் எட்டுச்செலவு அன்று. அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம், சாராயமும் வைத்தோம். எல்லோரும் போன பிறகு அந்தப் போத்தலை எடுத்தேன். விடியும் முன்பே அக்காவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். ஏசவில்லை, "சரி, மிச்சத்தை இப்ப ஊத்தும், நான் லைன்ல நிக்கிறன்" என்றார். ஊற்றினேன். முன்பென்றால் அந்த ஒரு இரவை மறைக்க இன்னும் ஆறு மாதம் குடித்திருப்பேன். மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அவளுக்கும் சொன்னேன்: நேற்று இரவு அம்மா குடித்தேன், அது உன்னால் இல்லை, அதைப் பார்ப்பது உன் வேலையும் இல்லை, எனக்கு உதவிக்குப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். அவள் "ம்" என்றாள். அன்றிரவும் தம்பியைத் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நெடுங்காலம் அவனை அவள்தான் நித்திரையாக்கினாள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல். இரவு 11 மணியிருக்கும், அவனைத் தூக்கமுடியாமல் தூக்கி வந்து என் பக்கத்தில் கிடத்தினாள். "கொதிக்குது அம்மா, நீங்கள் பாருங்கோ, எனக்கு நித்திரை வருது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.