பந்தயத் தடத்தில் சொந்தக் கார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் காரின் இ.சி.யூ.வை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை) ரீமேப் செய்து, அதாவது கூடுதல் சக்திக்காக அதன் அமைப்புகளை மாற்றி, ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றியிருக்கிறேன். அடுத்த மாதம் முதல்முறையாக ட்ராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) ஒன்றில் கலந்துகொள்ளப் போகிறேன். அதற்குள் இன்னும் எவற்றை மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் பட்டியலில் உள்ள மூன்றும் காரை ஓடவைப்பவை; நிறுத்துவதற்கென்று ஒன்றுகூட இல்லை. 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 160 கி.மீ. வேகத்திலிருந்து 60 கி.மீ. வேகத்துக்கு இறங்கும்போது ஏறக்குறைய 10 லட்சம் ஜூல் ஆற்றலை இழக்கிறது. அதன் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாக மாறுகிறது. சாலையில் 60 கி.மீ. வேகத்தில் வரும் அதே கார் முழுமையாக நிற்பதற்கு இதில் ஆறில் ஒரு பங்கு போதும். சாலையில் அதன்பிறகு டிஸ்க் ஆறுவதற்கு அவகாசமும் கிடைக்கிறது. தடத்திலோ சில நொடிகளில் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

ஆகவே முதல் வேலை பிரேக் ஆயிலை மாற்றுவது. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் திரவம். டாட் (DOT) என்னும் பிரேக் ஆயில் தர வரிசையில், டாட் 4 தரத்துக்கான குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் என்றும், ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி என்றும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. டாட் 5.1 தரத்துக்கு இவை முறையே 260, 180 டிகிரி. இரண்டு ஆண்டுகளாக மாற்றாத டாட் 5.1 ஆயிலைவிட நேற்று ஊற்றிய நல்ல டாட் 4 ஆயில் தடத்தில் நம்பகமானது. டாட் 5 என்பது சிலிக்கான் வகை. பெயர் ஒத்திருக்கிறதே என்று மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது.

தடத்தில் பிரேக் கைவிடும் விதம் இரண்டு. அவற்றைக் காலே பிரித்தறிய வேண்டும். பெடல் மெத்தென்று தரைவரை இறங்கினால் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்துவிட்டது என்று பொருள். பெடல் கெட்டியாகவே இருந்து, எவ்வளவு அழுத்தினாலும் கார் பிடிக்காமல் போனால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தன் வெப்ப எல்லையைக் கடந்துவிட்டது என்று பொருள். முதல் குறைக்கு ஆயிலை மாற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இரண்டாவதற்கு அதிக வெப்பம் தாங்கும் பேட் தேவை. இரண்டில் எது நேர்ந்தாலும் அந்தச் சுற்றைத் தொடராமல் மெதுவாகத் தடத்தை விட்டு உள்ளே (வண்டிகளை நிறுத்தும் பகுதிக்கு) வந்துவிடுங்கள்.

கேள்வி: புதிய பேட்களைத் தடத்திலேயே பழக்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். முன்கூட்டியே, ஆளில்லாத பாதுகாப்பான இடத்தில், நடுத்தர வேகத்திலிருந்து பலமுறை உறுதியாக வேகத்தைக் குறைத்து, முழுமையாக நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டுப் பழக்குங்கள். பேட் தயாரிப்பாளர் தரும் முறை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பேட்டின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிந்த பிறகே முழுப் பிடிப்பும் வரும். பந்தயத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட பேட்கள் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காதவை என்பதால், அன்றாடம் ஓட்டும் காருக்கு இடைப்பட்ட வகையே போதுமானது.

கேள்வி: டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: அவர்கள் எல்லோரும் சரியாகச் சொல்லியிருக்கலாம், சிலர் குளிர்ந்த டயரின் அழுத்தத்தையும் சிலர் சூடேறிய டயரின் அழுத்தத்தையும் சொல்லியிருப்பார்கள். 25 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரின் உள்ளே காற்று 75 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய 40 பி.எஸ்.ஐ. ஆகிவிடும். தடத்தில் கணக்கில் கொள்ள வேண்டியது இந்தச் சூடான அழுத்தத்தைத்தான். வழக்கமான சாலை அழுத்தத்தில் தொடங்கி, நான்கைந்து சுற்று ஓட்டி, உள்ளே வந்த உடனே நான்கு சக்கரங்களையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தாமதித்தால் அளவு இறங்கிவிடும். பின்னர் கூடுதலாக ஏறியதைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.

எந்த அளவில் நிறுத்துவது என்பதை டயரே காட்டிக்கொடுக்கும். பல டயர்களின் பக்கவாட்டு விளிம்பில் சிறிய முக்கோணக் குறி இருக்கும். தேய்மானம் அந்தக் குறியைத் தாண்டிப் பக்கச்சுவர்வரை இறங்கியிருந்தால் காற்று குறைவு. குறிக்கு மிகவும் மேலேயே தேய்மானம் நின்றுவிட்டால் காற்று அதிகம். குறி இல்லாத டயரில் சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்க்கலாம். இதைவிட நுட்பமாக அறிய விரும்பினால், ஊசியை ரப்பருக்குள் செருகி அளக்கும் வெப்பமானியால் டயரின் உட்புறம், நடு, வெளிப்புறம் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். நடுப்பகுதி மட்டும் சூடாக இருந்தால் காற்று அதிகம். வெளிப்புறம் உட்புறத்தைவிட மிகவும் சூடாக இருந்தால் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உட்புறமாகச் சாய்ந்திருக்கும் அளவு) போதவில்லை. துப்பாக்கி வடிவிலுள்ள அகச்சிவப்புக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. மேற்பரப்போ தடத்திலிருந்து உள்ளே வருவதற்குள் ஆறத் தொடங்கிவிடுகிறது.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வெடிப்பு விட்ட பழைய டயருடன் தடத்தில் இறங்கக் கூடாது.

கேள்வி: ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தி, ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் தட்டு) வைத்து அகலச் சக்கரம் பொருத்தியிருக்கிறேன். ட்ராக் டேயில் ஓட்டத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில் தடுப்பார்களா?

பதில்: தாழ்த்தியதற்காகத் தடுப்பது அரிது, தளர்ந்தவற்றுக்காகத் தடுப்பார்கள். ஸ்பேசர் வைத்தபின் நட்டு எத்தனை மரைகளில் பிடித்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பழைய நீளமுள்ள ஸ்டட்டே (நட்டு ஏறும் மரையாணி) இருந்தால் அதை மாற்றியாக வேண்டும். நட்டுகளை டார்க் ரெஞ்சால் முடுக்கி, முதல் ஓட்டத்துக்குப் பிறகு சக்கரம் ஆறியதும் மறுபடி சரிபாருங்கள். அளவுக்கு மீறித் தாழ்த்திய காரில் சஸ்பென்ஷன் வளைவின் நடுவிலேயே முட்டுத்தடையில் இடித்து, டயர் திடீரென்று பிடியை இழக்கும். பார்வைக்கு அழகாக இருக்கும் உயரம் பெரும்பாலும் ஓட்டத்துக்கு ஏற்ற உயரம் அல்ல.

கேள்வி: சாலையில் என் ரீமேப் செய்த கார் அருமையாக இழுக்கிறது. தடத்தில் சில சுற்றுகளுக்குப் பிறகு மந்தமாகிவிடுகிறதே, ஏன்?

பதில்: சாலையில் நீங்கள் ஆக்ஸிலரேட்டரை முழுமையாக மிதிப்பது சில நொடிகள்தான். தடத்தில் ஒரு சுற்றின் பெரும்பகுதி அப்படியே கழிகிறது. உள்ளே போகும் காற்றின் வெப்பம் ஏற ஏற எரிபொருள் தானாக வெடிக்கும் போக்கு கூடுகிறது. நாக் சென்சார் அதைக் கண்டதும் இ.சி.யூ. தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்துகிறது, சக்தி குறைகிறது. அதாவது உங்கள் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்கிறது. காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஓ.பி.டி. கருவி மூலம் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், கூலன்ட் வெப்பம், தீப்பொறித் தாமதம் ஆகியவற்றைப் பதிவுசெய்து பாருங்கள். பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு வடிவ ஃபில்டர், சூடான காற்றையே உறிஞ்சி, சத்தத்தைக் கூட்டிச் சக்தியைக் குறைப்பது வெகு சாதாரணம். பழைய பெட்டியையே திரும்பப் பொருத்தி ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஞ்சின் ஆயில் மேல் கோடுவரை இருக்கட்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கமாக ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த வேளையில் ஆயில் விளக்கு ஒருமுறை மினுங்கினாலும் அன்றைய ஓட்டத்தை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் மூடியைப் புதிதாக மாற்றுங்கள். 1 பார் அழுத்தம் தாங்கும் மூடி தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 120 டிகிரிக்கு உயர்த்துகிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கேள்வி: செய்த மாற்றம் உண்மையிலேயே பயன் தந்ததா என்று எப்படி உறுதிசெய்வது?

பதில்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதோடு, மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின், மீண்டும் பழைய நிலையில் என்று மூன்று முறை ஓட்டுங்கள். இந்த மூன்றாவது ஓட்டத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். காலையிலிருந்து தடமும் மாறுகிறது, வெயிலும் மாறுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டுநர் தடத்தைப் பழகிக்கொள்கிறார். பிற்பகலில் குறைந்த நேரத்தைப் புதிய ஷாக் அப்ஸார்பரின் கணக்கில் எழுதுவது எளிது. பழைய நிலைக்குத் திரும்பியும் அதே குறைந்த நேரம் வந்தால், முன்னேறியது நீங்கள்தான்.

உங்கள் சுற்று நேரங்கள் ஒன்றுக்கொன்று 2 விநாடி வேறுபட்டால், அரை விநாடி ஆதாயம் அதில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே முதலில் சீராக ஓட்டப் பழக வேண்டும். விநாடிக்கு ஒருமுறை மட்டும் இடத்தைப் பதியும் ஜி.பி.எஸ்., மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் இரண்டு பதிவுகளுக்கு நடுவே 40 மீட்டரைத் தவறவிடுகிறது. 10 முறை பதியும் கருவிக்கு அந்த இடைவெளி 4 மீட்டர். பல அமைப்பாளர்கள் ட்ராக் டேயில் நேரம் பார்ப்பதையே அனுமதிப்பதில்லை என்பதால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் இல்லாவிட்டாலும், வளைவில் இருந்த மிகக் குறைந்த வேகம், நேர்ப்பாதை முடிவில் எட்டிய வேகம், டயர் வெப்பம் ஆகிய மூன்றுமே போதிய சாட்சி சொல்லும்.

கேள்வி: நான்கு முனை ஹார்னெஸ் (தோளையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிக்கும் பந்தயப் பெல்ட்) மட்டும் வாங்கிப் பொருத்தினால் பாதுகாப்பு கூடுமா?

பதில்: கூடாது, குறையலாம். கால்களுக்கிடையே வரும் பட்டை இல்லாததால் மோதலில் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறி, உடல் அதன் அடியில் நழுவக்கூடும். கார் உருண்டு கூரை நசுங்கினால் ஹார்னெஸ் உங்களை நிமிர்ந்தபடியே பிடித்துவைக்கும். ரோல் கேஜ் (கூரை நசுங்காமல் காக்கும் உலோகக் கூண்டு), பக்கெட் சீட், ஆறு முனை ஹார்னெஸ் மூன்றையும் சேர்த்துப் பொருத்த முடியாதவரை, ஏர்பேக்குக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட சீட் பெல்ட்டே மேல்.

கேள்வி: ஓட்டம் முடிந்ததும் அதே காரில் வீடு திரும்பலாமா?

பதில்: தாராளமாக. கடைசிச் சுற்றைப் பிரேக் பிடிக்காமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் கியரில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கிளம்புவதற்கு முன் பேட் தடிமன், பிரேக் ஆயில் அளவு, பெடலின் உறுதி, சக்கர நட்டுகள் ஆகியவற்றைப் பாருங்கள். சூடாக இருந்தபோது டயரிலிருந்து எடுத்த காற்றை, ஆறிய பின் சாலைக்கு உரிய அளவுக்கு நிரப்ப மறக்க வேண்டாம். அப்படியே கிளம்பினால் நெடுஞ்சாலையில் காற்றுக் குறைந்த டயருடன்தான் போய்க்கொண்டிருப்பீர்கள்.