180-வது ஓட்டத்தில் நின்றுபோகும் சிமுலேஷன்: மெமரியைப் பிடித்து வைத்திருப்பது யார்?

கேள்வி: நோய்ப் பரவலைப் பார்க்க பைத்தானில் ஒரு சிமுலேஷன் எழுதியிருக்கிறேன். 10,000 பேர், 1,000 நாள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரின் நிலையும் நம்பை என்ற எண்கணக்கு நூலகத்தின் அரே ஒன்றில், அதாவது எண் அட்டவணையில், பதிவாகும். இதை 1,000 முறை ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசி நாள் நிலையை மட்டும் ஒரு லிஸ்ட்டில் சேர்க்கிறேன். 16 ஜிபி ராம் உள்ள லினக்ஸ் கணினி. 180-வது ஓட்டம் வாக்கில் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறது. சுற்று முடிவில் அரேயை நீக்க டெல் போட்டேன், குப்பை மெமரியைத் துடைக்க ஜிசி கலெக்ட் போட்டேன், பயனில்லை. ராமைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: கூட்ட வேண்டாம். முதலில் ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10,000 பேர், 1,000 நாள் என்றால் ஒரு கோடி எண்கள். நம்பையில் வகை எதுவும் சொல்லாமல் ஜீரோஸ் என்ற கட்டளை கொண்டு அரே உருவாக்கினால் ஒவ்வோர் எண்ணுக்கும் 8 பைட். ஆக ஓர் ஓட்டத்துக்கு 80 எம்பி. இதை 180-ஆல் பெருக்குங்கள்: 14.4 ஜிபி. இயங்குதளமும் பிரவுசரும் எடுத்துக்கொண்டது போக உங்கள் கணினியில் மிச்சமிருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தப் பொருத்தம் தற்செயல் இல்லை. முடிந்துபோனதாக நீங்கள் நினைக்கும் 180 ஓட்டங்களின் முழு வரலாறும் இன்னும் ராமில் உட்கார்ந்திருக்கிறது. ராமை இரட்டிப்பாக்கினால் 380-வது ஓட்டம் வரை போகலாம், அவ்வளவுதான். ஆயிரத்துக்கும் 80 ஜிபி வேண்டும்.

யார் பிடித்து வைத்திருப்பது? ‘கடைசி நாளை மட்டும்’ சேர்க்கிறீர்களே, அந்த வரிதான்.

நம்பையில் ஓர் அரேயிலிருந்து கடைசி வரிசையை எடுத்தால் புதிய அரே எதுவும் பிறப்பதில்லை. கிடைப்பது ஒரு வியூ. பழைய அரேயின் மேல் வைத்த ஜன்னல் மாதிரி. ஜன்னல் வழியே தெரிவது 80 கேபிதான். ஆனால் ஜன்னல் இருக்கும்வரை சுவரை இடிக்க முடியாதே! 80 எம்பி முழுவதும் உயிரோடு இருக்கும். சந்தேகமிருந்தால் லிஸ்ட்டிலுள்ள ஒன்றை எடுத்து அதன் பேஸ் என்ற பண்பை அச்சிட்டுப் பாருங்கள். ‘நன்’ (எதுவுமில்லை) என்று வந்தால் அது தனி அரே. பெரிய அரே ஒன்று எட்டிப் பார்த்தால் அதுதான் ஆள்.

லிஸ்ட்டில் சேர்க்கும் இடத்தில், வரிசையைத் தனியே நகலெடுக்கும் காப்பி அழைப்பைப் போடுங்கள். 1,000 ஓட்டத்தின் முடிவுகளும் சேர்ந்து 80 எம்பியில் அடங்கிவிடும்.

டெல் ஏன் உதவவில்லை? டெல் அழிப்பது பெயரை, பொருளை அல்ல. பைத்தான் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும், அந்த எண்ணிக்கை பூஜ்யமானதும் விட்டுவிடும். ஜிசி கலெக்ட் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு வட்டமாக நிற்கும் பொருள்களுக்கானது. உங்கள் லிஸ்ட்டில் வட்டமும் இல்லை, குப்பையும் இல்லை. அதனால் அது தொடாது.

‘மெமரி விடுபட்டாலும் இயங்குதளத்துக்குத் திரும்பாது’ என்று சிலர் சொல்வார்கள். சின்னப் பொருள்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போது அது ஓரளவு உண்மை. ஆனால் 80 எம்பி போன்ற பெரிய துண்டுகளை லினக்ஸின் வழக்கமான ஒதுக்கீட்டு நூலகம் தனியாக வாங்கும், விட்டதும் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடும். பெரிய அரே திரும்பவில்லையா? யாரோ பிடித்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான வேறு ஆள்களும் உண்டு. ஓட்டத்துக்கு ஒரு படம் வரைந்து மூடாமல் விட்டால் படம் வரையும் நூலகமான பைபிளாட் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் (20 படத்தைத் தாண்டினால் எச்சரிக்கும், நாம்தான் படிப்பதில்லை). ஜூபிட்டர் நோட்புக்கில் ஒரு செல்லின் கடைசி வரியில் பெரிய அரேயின் பெயரை எழுதிப் பார்த்தாலே அது வெளியீட்டு வரலாற்றில் தங்கிவிடும். பழைய விடைகளைச் சேமித்து வைக்கும் எல்லையில்லாத கேஷும் அப்படித்தான். எங்கே கூடுகிறது என்றே தெரியாவிட்டால் மெமரி ஒதுக்கீட்டைக் கண்காணிக்கும் பைத்தான் கருவியான ட்ரேஸ்மலாக்கை இயக்கி, 5-வது ஓட்டத்துக்குப் பிறகு ஒன்று, 15-வதுக்குப் பிறகு ஒன்று என இரண்டு ஸ்னாப்ஷாட் எடுத்து ஒப்பிடுங்கள். அது மெமரி பிறந்த வரியைக் காட்டும், பிடித்திருப்பவரைக் காட்டாது. அதை நீங்கள்தான் தேட வேண்டும்.

சரி, மெமரிக் கசிவு நின்றது. அப்புறம் ஒரு கேள்வி: 1,000 நாள் வரலாறு உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா? நோய் வரக்கூடியவர், நோயாளி, குணமானவர் என்று மூன்றே நிலை என்றால் ஓர் எண்ணுக்கு ஒரு பைட் போதும். 80 எம்பி 10 ஆகிவிடும். நாளைய நிலை இன்றைய நிலையை மட்டும் சார்ந்தது என்றால் இரண்டே வரிசைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். முடிவுகளின் சராசரியும் சிதறலும் மட்டும் போதும் என்றால் 1962-இல் வெல்ஃபர்டு வெளியிட்ட முறை இருக்கிறது: ஒவ்வொரு முடிவு வரும்போதும் மூன்று எண்களைத் திருத்திக்கொண்டே போகலாம், பழையதை வைத்திருக்கத் தேவையில்லை. இடைநிலை அளவை இப்படி எடுக்க முடியாது. அதற்கு முடிவுகளைச் சேமித்தாக வேண்டும்.

சேமிப்பதை ராமில் வைக்காமல் ஓட்டம் முடிந்ததும் வட்டில் எழுதிவிடுங்கள். ‘கில்டு’ என்றால் ராம் தீர்ந்து, இயங்குதளத்தின் மையமான கெர்னலே நிரலைக் கொன்றது என்று பொருள். வெளியேறும் குறியீடு 137 ஆக இருக்கும். பிழைகளைப் பிடிக்கும் ட்ரை, எக்ஸெப்ட் எல்லாம் அதைப் பிடிக்காது. 179 ஓட்டங்களின் உழைப்பும் அதோடு போகும்.

கசிவு வேறு யாரோ எழுதிய நூலகத்தில் இருந்து, உங்களால் திருத்தவும் முடியாவிட்டால், ஒவ்வோர் ஓட்டத்தையும் தனிப் புராசஸில் ஓட்டுங்கள். புராசஸ் முடிந்தால் அதன் மெமரி முழுவதும் திரும்பியே ஆக வேண்டும். பைத்தானின் மல்டிபுராசஸிங் பூலில் ‘மேக்ஸ் டாஸ்க்ஸ் பர் சைல்டு’ (ஒரு புராசஸ் எத்தனை வேலை செய்யலாம்) அளவை 1 ஆக வையுங்கள். மேப் வழியாக அனுப்பினால், ஒரு கட்டில் எத்தனை ஓட்டம் என்று சொல்லும் சங்க்சைஸையும் 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு கட்டு ஓட்டங்களை அது ஒரே வேலையாக எண்ணும்.

இதில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். மெமரி அசையவே இல்லை, முடிவுகளும் அசையவில்லை! எல்லா ஓட்டத்திலும் ஒரே விடை. ஃபோர்க் முறையில், அதாவது தாய்ப் புராசஸின் நகலாகப் பிறக்கும் புராசஸ் தாயின் நம்பை ரேண்டம் நிலையையும் அப்படியே நகலெடுத்துக்கொள்ளும். ஒவ்வோர் ஓட்டமும் அதே பகடையை அதே வரிசையில் உருட்டியிருக்கிறது. நம்பையின் சீட்சீக்வன்ஸிலிருந்து ஓட்டத்துக்கு ஒன்றாகத் தனி விதை (ரேண்டம் எண்கள் தொடங்கும் புள்ளி) பிரித்துக் கொடுங்கள். அந்த விதையை முடிவோடு எழுதி வைத்தால், விசித்திரமாக வந்த ஓட்டத்தை மட்டும் பிறகு மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம்.

திருத்தியதும் நேராக 1,000-க்குப் போகாதீர்கள். 20 ஓட்டம் மட்டும் ஓட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் புராசஸின் மெமரியை அச்சிடுங்கள். 5-வதும் 20-வதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இரவில் ஓடவிடலாம். அளக்க, புராசஸின் பயன்பாட்டைச் சொல்லும் கெட்ரயூசேஜ் அழைப்பைப் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள்: அது காட்டுவது அதுவரை தொட்ட உச்சம், இப்போதைய அளவு அல்ல. மேலும் லினக்ஸில் அது கிலோபைட், மேக்கில் பைட்.