ஆன்லைன் ஏலத்தில் போலி நாணயத்தைப் படத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?

போலி நாணயம் என்பது, சேகரிப்பாளர்கள் தேடும் பழைய காசைப் போலப் புதிதாகச் செய்து அசல் என்று விற்கப்படுவது. படத்திலேயே பல நேரம் சந்தேகம் தட்டிவிடும். அசல் காசு பலத்த அழுத்தத்தில் அச்சடிக்கப்படுவதால் எழுத்துகள் கூர்மையாக நிற்கும். மலிவான போலிகள் பல, உருக்கி வார்த்தவை. எழுத்து மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிக்குத்து போன்ற குழிகள் தெரியும்.

ஓர் அசலிலிருந்து வார்ப்பு எடுத்தால் அதன் கீறலும் சேர்ந்தே வரும், ஜெராக்ஸில் மூலத்தாளின் கறையும் விழுவதைப் போல. வெவ்வேறு ஏலங்களில் ஒரே இடத்தில் ஒரே கீறலோடு இரண்டு காசுகள் கண்டால் விலகிவிடுங்கள். இதைத்தான் நான் மிகவும் நம்புகிறேன். அப்புறம், எடையைக் கேட்டு அசலின் எடையோடு ஒப்பிடுங்கள்: உதாரணமாக, அமெரிக்காவின் பழைய மார்கன் வெள்ளி டாலருக்கு 26.73 கிராம்.

காந்தம் ஒட்டாவிட்டால் வெள்ளிதான் என்று பலர் நினைக்கிறார்கள். செம்பு, பித்தளை, ஈயத்திலும் காந்தம் ஒட்டாது.