பட்ஜெட்டைத் தோழியிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: நானும் கல்லூரித் தோழியும் முதுகுப்பையோடு ஆறு நாள் பாங்காக் போகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. அவளுக்கு என்னைப் போல் இரண்டு மடங்கு சம்பளம். நல்ல ஹோட்டல், மால், ரூஃப்டாப் பார் என்று தினமும் ஒன்று அனுப்புகிறாள். எனக்குக் கோயில், படகு, சந்தை போதும், கையில் காசும் அவ்வளவுதான். சைவம் வேறு. எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்றே பதில் போடுகிறேன். அங்கே போய்ச் சண்டை வருமோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் ரத்து செய்துவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: ரத்து செய்யாதீர்கள். அந்த ‘சரி’யை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

இந்த வாரமே அவளை நேரில் பாருங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். “ஆறு நாளைக்கு என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது” என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். ‘கொஞ்சம் டைட்’ என்று சுற்றி வளைத்தால் புரியாது, அவளுடைய கொஞ்சம் வேறு, உங்களுடைய கொஞ்சம் வேறு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தடவை என் தோழி ஒருத்தியோடு பாங்காக் போனபோது கிராண்ட் பேலஸ் அரண்மனை பக்கத்தில் ஒருவர் வந்து, “இன்றைக்கு மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்” என்று எங்களை டுக்டுக்கில், அதாவது அந்த ஊர் ஆட்டோவில், ஏற்றிவிட்டார். போய் இறங்கியது நகைக்கடையில். எனக்கு ஏறும்போதே சந்தேகம்தான், ஆனால் தோழி ஆசையாக ஏறினாளே என்று வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “தெரிந்தும் ஏன்டி சொல்லவில்லை?” பாதி நாள் போனதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. (வாசலுக்கு வெளியே யார் மூடியிருக்கிறது என்றாலும் நம்பாதீர்கள், நேராக டிக்கெட் கவுன்ட்டருக்குப் போங்கள்.)

அப்புறம், ஆறு நாளும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டியதில்லை. காலை உங்களுடையது. எட்டரைக்கு கிராண்ட் பேலஸ் திறக்கும்போதே போய்விடுங்கள், வெயில் ஏறினால் தாங்காது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 500 பாத் (தாய்லாந்துப் பணம்), தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் வாட் போ கோயில், 46 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் சயனித்திருப்பார். பக்கத்துப் படகுத்துறையில் சில பாத் கொடுத்தால் ஆற்றைக் கடந்து வாட் அருண் கோயில். அதுவரை அவள் தூங்கட்டும், சியாம் பக்கம் மால்களைச் சுற்றட்டும். மாலையில் யாவராத் சைனா டவுனில் சேர்ந்துகொள்ளுங்கள். வாட் மங்கோன் மெட்ரோ நிலையத்தில் எந்த வாசல், எத்தனை மணி என்று காலையிலேயே பேசிவிடுங்கள். மால் பகுதியையும் பழைய நகரத்தையும் க்ளோங் சேன் சேப் கால்வாய்ப் படகு இணைக்கிறது. டாக்சி நெரிசலில் நிற்கும்போது அது பறக்கும், காசும் கொஞ்சம்தான். ஒரு நாள் அவளையும் அதில் ஏற்றுங்கள்.

ஒரு மாலை மட்டும் சிலோமுக்கு ஒதுக்குங்கள். அங்கே 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, தாய்லாந்து மக்களும் மாலையும் தட்டுமாக வந்து கும்பிடுவதைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் கேட்கிற ரூஃப்டாப் பாரும் அதே சாலையில் உண்டு. முதலில் கோயில், பிறகு மாடி. விலையை முன்பே பார்த்துவிட்டு ஒரே ஒரு ஜூஸோடு உட்காருங்கள், அவளுக்காக ஒரு ராத்திரி அது தகும். ரப்பர் செருப்போடு போனால் சில இடங்களில் உள்ளே விடமாட்டார்கள்.

தங்க காவ்சான் சாலை மலிவுதான், ஆனால் பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது, ராத்திரி முழுக்கச் சத்தம். ஏதாவது மெட்ரோ நிலையத்துக்கு அருகே, ஹாஸ்டலிலேயே இருவருக்கான தனி அறை பாருங்கள். “மீதியை நான் போடுகிறேன், நல்ல ஹோட்டலுக்குப் போகலாம்” என்று அவளாகச் சொன்னால் ஓரிரு இரவு ஏற்றுக்கொள்ளலாம். ஆறு இரவும் வேண்டாம், ஏழாம் நாள் உங்களுக்கே உறுத்தும். டாக்சி, தண்ணீர், பழம் இதற்கெல்லாம் இருவரும் சமமாகப் பணம் போட்டு ஒரு பொதுப் பர்ஸ். ஷாப்பிங்கும் பாரும் அவரவர் கணக்கு. ஏடிஎம்மில் நம் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாத்துக்கு மேல் பிடிப்பார்கள், அதனால் ஒரே தடவையில் எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு, மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, பார்க்க 17 மாதிரி இருக்கும், அதைத் தேடுங்கள். ‘ஜே’ என்பார்கள். மீன் சாஸ் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயம்கூட இல்லாத சமையல். வெறுமனே ‘காய்கறி’ என்று கேட்டால் மீன் சாஸ் விழுந்துவிடும். இந்தியக் கடைகள் இருக்கும் பாஹுரத் பக்கம் போனால் நம்மூர்ச் சாப்பாடும் கிடைக்கும்.

அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இருவரும் தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கிற தளத்தில் நிரப்பாதீர்கள். அதை அவளோடு சேர்ந்து உட்கார்ந்தே நிரப்புங்கள். ஆனால் தொகையைச் சொல்ல அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ச் சொல்லிவிடுங்கள்.