மரம் பிடிக்கும் என்பது மட்டும் போதாது

உங்கள் மகள் இயற்கை வள மேலாண்மையில் முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள். "காடு மேடெல்லாம் அலைந்துவிட்டு வேலை இல்லாமல் நின்றால்?" என்று கேட்கிறீர்கள். அலைச்சலை விடுங்கள். பல இடங்களில் களப்பணி சில வாரம்தான், மிச்ச நாள் அதிகமும் கணினி முன்னால்தான். பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் புள்ளியியலில்.

புள்ளியியல் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீன் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்து வந்தது. 1980களில் எவ்வளவு மீன் மிச்சம் என்று கணக்கிட, பெரிய இழுவைக் கப்பல்கள் பிடித்த அளவையும் முக்கிய ஆதாரமாக வைத்தார்கள். மீன் குறையக் குறைய, மிஞ்சியது ஓரிடத்தில் கூடியது. கப்பல்கள் அங்கேயே தேடிப்போய் வலை விட்டன. வலை நிறைந்தது, கணக்கும் நிறைவாகவே வந்தது. 1992-இல் அங்கே காட் மீன்பிடிக்கே தடை. 30,000 பேருக்கு மேல் பிழைப்பு போனது. அந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்று கேட்கத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தப் படிப்பு. பாடத்திட்டத்தில் புள்ளியியலும், தகவல்களை வரைபடத்தில் வைத்து ஆராயும் கணினி முறையான ஜிஐஎஸ்ஸும் ஒப்புக்கு இருந்தால் அந்த இடம் வேண்டாம். மனிதர்களைப் பற்றியும் ஒரு தாளாவது இருக்கட்டும்: பொதுவளத்தைப் பயன்படுத்துபவர்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டி 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், படிப்பால் அரசியல் அறிவியலாளர்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம், க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். ஏதாவது ஓர் ஏரியின் 1990 படத்தையும், அதே மாதத்தில் எடுத்த சமீபத்திய படத்தையும் வைத்து நீர்ப்பரப்பு எவ்வளவு மாறியது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். கரையோரத்தில் எது நீர், எது சேறு என்று மண்டை காயும். இரண்டு வார இறுதி சலிக்காமல் உட்கார்ந்தால் தாராளமாக அனுப்பலாம்.

வேலை வனம், மீன்வளம், நீர்வளத் துறைகளில் உண்டு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் உண்டு. ஆனால் முதல் சில வருடம், திட்டம் முடிந்தால் வேலையும் முடிகிற ஒப்பந்தப் பணியாக அமையலாம். இதை மறைத்துப் பேசுகிறவரை நம்பாதீர்கள்.

வெளிநாட்டில் படிப்பதென்றால், அமெரிக்கா, கனடாவில் ஆய்வேடு எழுதும் முதுகலைக்குப் பேராசிரியரின் திட்ட நிதியிலிருந்து உதவித்தொகை கிடைப்பதுண்டு. பாடங்கள் மட்டும் படித்து முடிப்பதற்கு அநேகமாகக் கைக்காசுதான். அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்குமுன் வழிகாட்டியைத் தேடட்டும். அவரிடம் படித்து முடித்த இரண்டு பேருக்கு மின்னஞ்சல் போட்டு, இப்போது என்ன வேலை, அது கிடைக்க எத்தனை மாதம் ஆனது என்று அவளே கேட்கட்டும். பதில் வரும்வரை கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.