தனியுரிமை போனும் கார் திரையும்: கேள்வி பதில்

கூகுளை வெளியே தள்ளிய, அல்லது கட்டிப்போட்டு வைத்திருக்கும் போன்களை காரின் டேஷ்போர்டு திரையோடு (பெரும்பாலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ என்ற கூகுள் செயலி வழியாக) இணைப்பது பற்றிய கேள்விகள் இவை. கேட்டவர்களில் அநேகர் பிக்சல் போனில் கிராஃபீன்ஓஎஸ் (தனியுரிமைக்காக மாற்றியமைத்த ஆண்ட்ராய்டு) வைத்திருப்பவர்கள். அதனால் மெனு பெயர்கள் அதில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

அண்ணா, கிராஃபீன் போட்ட போனில் ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓடுமா? ஓடினால், கூகுளை ஒதுக்கியதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடாதா?

ஓடும். சாதாரண ஆண்ட்ராய்டு போன்களில் ஆண்ட்ராய்டு ஆட்டோ சிஸ்டத்தோடு சேர்ந்தே வருகிறது. மற்ற செயலிகளுக்குக் கிடைக்காத சிறப்பு அனுமதிகள் பலவும் அதற்குப் பிறவியிலேயே உண்டு. அதனால்தான் எங்கிருந்தோ ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) இறக்கிப் போட்டால் அது வேலை செய்வதில்லை. கிராஃபீன்ஓஎஸ் அதை சாண்ட்பாக்ஸுக்குள் (போனின் மற்ற பகுதிகளைத் தொடவிடாத அடைப்பு) ஒரு சாதாரண செயலியாக ஓடவிட்டு, இணைப்புக்குக் கட்டாயம் தேவைப்படும் சில அனுமதிகளுக்கு மட்டும் தனித்தனி சுவிட்ச் வைத்திருக்கிறது. அந்த சுவிட்சுகளைப் போடாதவரை சிறப்பு அனுமதி ஒன்றும் கிடைக்காது.

ஆனால் கூகுளின் பின்னணிச் சேவையான பிளே சர்வீசஸ் கட்டாயம். போனில் கூகுள் வாடையே கூடாது என்பவர்களுக்கு இது விட்டுக்கொடுத்தல்தான், மறைக்க ஒன்றுமில்லை. உங்களுக்கு வேண்டியது பாட்டு, போன் அழைப்பு, வழி சொல்லும் குரல் இவ்வளவுதான் என்றால் புளூடூத்தும் ஒரு போன் ஹோல்டருமே போதும். வரைபடம் பெரிய திரையில் வந்தாக வேண்டும் என்றால் மட்டும் கீழே படியுங்கள்.

நிறுவும் வரிசையைச் சொல்ல முடியுமா? எதை முதலில் போடுவது என்றே புரியவில்லை.

எல்லாவற்றையும் முதன்மைப் பயனர் கணக்கில், அதாவது ஓனரில் செய்யுங்கள். கிராஃபீனின் சொந்த ஆப் ஸ்டோரைத் திறந்து முதலில் கூகுள் பிளே சர்வீசஸ், பிளே ஸ்டோர் இரண்டையும் நிறுவுங்கள். அடுத்து, அதே இடத்தில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோ. பிறகு செட்டிங்ஸ், ஆப்ஸ், சாண்ட்பாக்ஸ்டு கூகுள் பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ என்று போனால் நான்கு சுவிட்ச் தெரியும்: கேபிள் இணைப்பு, வயர்லெஸ் இணைப்பு, ஒலியைக் காருக்குத் திருப்புவது, அழைப்புகளைக் கையாளுவது. ஒவ்வொன்றையும் போடும்போது அது எதற்கெல்லாம் கதவு திறக்கிறது என்று ஒரு எச்சரிக்கை வரும். அதைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். கேபிளில் மட்டும் ஓட்டப்போகிறவர் வயர்லெஸ் சுவிட்சைத் தொடவே வேண்டாம்.

கூகுள் செயலி, கூகுள் மேப்ஸ், கூகுளின் பேச்சுச் சேவை மூன்றையும் அந்தப் பக்கம் விருப்பத் தேர்வாகத்தான் காட்டுகிறது. கூகுள் செயலி இல்லையென்றால் குரல் கட்டளை இருக்காது. அதைத் தவிர்த்துவிட்டு திரையைத் தொட்டே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

முதல் இணைப்பை கார் நிற்கும்போது, போன் அன்லாக் ஆன நிலையில் செய்யுங்கள். அனுமதி கேட்கும் பெட்டிகள் வரிசையாகப் போன் திரையில்தான் வரும். தொடர்புகள் கேட்கும்போது முழுப் பட்டியலையும் தூக்கிக் கொடுக்காமல், கான்டாக்ட் ஸ்கோப்ஸை இயக்கி வழியில் அழைக்க நேரும் நாலைந்து பேரை மட்டும் சேர்த்தால் போதும்.

கேபிளைச் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. காரில் எதுவுமே வரவில்லை. சில நாள் வருகிறது, சில நாள் இல்லை. கார் கெட்டுவிட்டதா?

கார்மேல் பழி போடும்முன் மூன்று இடம் பாருங்கள்.

முதலாவது, கிராஃபீன் பயன்படுத்துவோரிடம் அதிகம் காணப்படும் காரணம். செட்டிங்ஸ், செக்யூரிட்டி அண்ட் பிரைவசி, எக்ஸ்பிளாய்ட் புரொடெக்‌ஷன் என்ற பக்கத்தில் யூஎஸ்பி-சி போர்ட் என்று ஒரு அமைப்பு உண்டு. போன் லாக் ஆகியிருந்தால் சார்ஜ் மட்டும் ஏற்று, தரவு இணைப்பை மறுப்பதே அதன் இயல்பு நிலை. போனைப் பையிலிருந்து எடுத்து லாக் திறக்காமல் செருகினால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். “சில நாள் வருகிறது” என்கிறீர்களே, அந்த நாட்களில் போன் அன்லாக் ஆகியிருந்திருக்கும். தீர்வு எளிது: திறந்துவிட்டுச் செருகுங்கள். இணைப்பு ஏற்பட்டபின் போன் லாக் ஆனாலும் அது அறுபடாது, புதிய இணைப்பைத்தான் தடுக்கும். இந்த அமைப்பை ‘ஆன்’ என்று மாற்றினால் தொல்லை தீரும். ஆனால் போன் கைவிட்டுப் போகும் நேரத்தில் உங்களைக் காக்கும் பூட்டையே கழற்றியதாகிவிடும். அதைச் செய்யாதீர்கள்.

இதிலிருந்தே இன்னொரு சிக்கலும் பிறக்கிறது. தளர்ந்த கேபிள், வேகத்தடையில் ஒரு நொடி விட்டுப் பிடிக்கிறது. சாதாரண போனில் திரை இருண்டு உடனே திரும்பி வந்துவிடும். இங்கே போன் லாக் ஆகியிருப்பதால் வராது. ஓட்டிக்கொண்டே திறக்க முயலாமல் ஓரம் கட்டுங்கள். போனின் சார்ஜ் துளையில் சட்டைப் பையின் பஞ்சு அடைந்திருந்தாலும் செருகி முழுதாக உட்காராது. மரக் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள், ஊசி வேண்டாம்.

இரண்டாவது, கேபிள். சார்ஜுக்கென்றே விற்கும் மலிவான கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருக்காது. 1 மீட்டருக்கு மிகாத நீளத்தில், தரவு கடத்தும் கேபிளாக வாங்குங்கள். நடுவில் நீட்டிப்பு வயர், ஹப் எதுவும் கூடாது.

மூன்றாவது, காரில் இருக்கும் எல்லா யூஎஸ்பி துளையும் ஹெட் யூனிட்டுக்கு (டேஷ்போர்டு திரையை இயக்கும் பெட்டி) போவதில்லை. மின்னல் குறி மட்டும் போட்டது சார்ஜுக்கு. யூஎஸ்பி கிளைக் குறியோ போன் படமோ இருப்பதில் செருகுங்கள்.

வயர்லெஸ் இணைப்பு பாதியில் நிற்கிறது. புளூடூத் சேர்கிறது, ‘இணைக்கிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. விபிஎன் எப்போதும் ஓடுகிறது, அது காரணமாக இருக்குமா?

பெரும்பாலும் அதுவேதான். வயர்லெஸ்ஸில் புளூடூத்தின் வேலை அறிமுகம் செய்வதோடு முடிகிறது. காரின் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் போனுக்குக் கைமாற்றிவிடும். அதன்பின் படமும் ஒலியும் அந்த வைஃபையில் உள்ளூர்ப் போக்குவரத்தாக ஓடும். நீங்கள் விபிஎன்னை ஆல்வேஸ்-ஆன் ஆக்கி, கூடவே ‘விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு’ என்பதையும் போட்டிருந்தால் அந்த உள்ளூர்ப் போக்குவரத்தும் தடுக்கப்படும்.

முதலில் விபிஎன்னை முழுதாக அணைத்து ஒருமுறை சோதியுங்கள். இணைந்தால் குற்றவாளி உறுதி. பிறகு விபிஎன் செயலியின் ஸ்பிளிட் டனலிங் பட்டியலில் (எந்தச் செயலி விபிஎன்னைத் தவிர்க்கலாம் என்று குறிக்கும் இடம்) ஆண்ட்ராய்டு ஆட்டோவை மட்டும் விலக்குங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: விலக்கிய பிறகும் அந்தத் தடுப்பு சுவிட்ச் போட்டபடி இருந்தால், விலக்கப்பட்ட செயலிக்கு இணைப்பே கிடையாது. ஆகவே தடுப்பை எடுத்துவிட்டு ஆல்வேஸ்-ஆனை மட்டும் வைத்திருங்கள். மற்ற செயலிகள் விபிஎன் வழியாகவே போகும். தடுப்பை எடுக்க மனமில்லையா, கேபிளுக்கு வந்துவிடுங்கள். கேபிளில் இந்த வைஃபை கட்டமே கிடையாது.

விபிஎன் காரணமில்லை என்றால், எக்ஸ்பிளாய்ட் புரொடெக்‌ஷன் பக்கத்திலேயே புளூடூத்தையும் வைஃபையையும் சும்மா இருந்தால் தானாக அணைக்கும் நேர அமைப்புகள் உள்ளன. அவற்றைப் போட்டிருந்தால், காரில் ஏறும்போது இரண்டும் அணைந்திருக்கும். போன் தானாக ரீபூட் ஆகியிருந்தாலும் முதல் தடவை பின் போட்டுத் திறக்கும்வரை காரோடு பேசாது. இயல்பாக 18 மணி நேரம் திறக்காமல் கிடந்தால் ரீபூட் ஆகும்.

அரைகுறையாக முடிந்த முயற்சிக்குப்பின், போனிலும் காரிலும் இரு பக்கமும் இணைப்பை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் பழைய சாவி குழப்பும்.

என் காரில் கேபிள் ஆண்ட்ராய்டு ஆட்டோ மட்டும்தான். வயர்லெஸ் டாங்கிள் (காரின் யூஎஸ்பியில் செருகும் சிறு பெட்டி) வாங்கினால் போனில் எந்த சுவிட்சைப் போடுவது?

வயர்லெஸ். டாங்கிள் காரிடம் கேபிள் போனாக நடிக்கிறது, உங்கள் போனிடம் வயர்லெஸ் காராக நடிக்கிறது. போனுக்குத் தெரிவது இரண்டாவது முகம்தான். ஆனால் திரையும் ஒலியும் இன்னொரு பெட்டி வழியாகப் போகின்றன என்பதையும் கணக்கில் வையுங்கள். பெயர் தெரியாத நிறுவனத்தின் டாங்கிள் என்றால் நான் கேபிளோடு நின்றுவிடுவேன்.

ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலியை எஃப்-டிராய்டிலிருந்து (திறமூலச் செயலிகளின் ஸ்டோர்) போட்டேன். போனில் நன்றாக ஓடுகிறது, கார் திரையில் ஐகானே இல்லை.

பிளே ஸ்டோர் வழியாக வராத செயலியை ஆண்ட்ராய்டு ஆட்டோ மறைத்துவிடும். அதன் செட்டிங்ஸில் கீழே பதிப்பு எண் இருக்கும் வரியைப் பத்து முறை போலத் தொடர்ந்து தட்டினால் டெவலப்பர் அமைப்பு திறக்கும். மேலே மூன்று புள்ளி மெனுவில் டெவலப்பர் செட்டிங்ஸ் போய் ‘அன்னோன் சோர்சஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். கேபிளைக் கழற்றி மறுபடி செருகுங்கள். விஎல்சி, ஆன்டெனாபாட் மாதிரி ஒலிச் செயலிகள் இதற்கே வந்துவிடும்.

வரைபடச் செயலிகள் சிலசமயம் இதற்கும் மசியாது. அப்போது ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) மூலம், நிறுவியது பிளே ஸ்டோர் என்று குறித்து மறுபடி நிறுவ வேண்டும். அது அலுப்பு. அந்த ஒரு செயலியை மட்டும் பிளே ஸ்டோரிலிருந்தே எடுப்பது சுலபம்.

கூகுள் கணக்கு போட்டே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஆண்ட்ராய்டு ஆட்டோ கணக்கில்லாமலே ஓடும், கூகுள் மேப்ஸும் அப்படியே. பிளே ஸ்டோரில் செயலி இறக்கத்தான் கணக்கு கேட்கும். அதற்கு ஆரோரா ஸ்டோர் என்ற மாற்று ஸ்டோர் செயலியின் பெயரில்லா நுழைவு இருக்கிறது.

ஆண்ட்ராய்டு ஆட்டோ வேண்டாம் என்று புளூடூத்தோடு நிற்கிறேன். எஃப்எம் கேட்கும்போது வழி சொல்லும் குரல் வருவதில்லை. சிலசமயம் எஃப்எம் இல்லாதபோதும் வருவதில்லை.

இரண்டும் வேறு வேறு கோளாறு. எப்போதுமே வரவில்லை என்றால், போனில் எழுத்தைப் பேச்சாக்கும் எஞ்சின் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் இல்லாத போனில் அது இல்லாமல் போகலாம். ஈஸ்பீக் என்ஜி போட்டால் தமிழும் பேசும். குரல் இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் ‘இடப்பக்கம் திரும்பு’ என்பது புரிந்தால் போதுமே.

எஃப்எம் விஷயம் வேறு. குரல் புளூடூத் இசை வழியில் போகிறது, கார் அப்போது ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஓஸ்மாண்ட் என்ற வரைபடச் செயலியில் குரல் வெளியீட்டைப் ‘போன் அழைப்பு ஒலி’ என்று மாற்றலாம். கார் அதை அழைப்பு என்று நினைத்து ரேடியோவை நிறுத்தி, சொல்லி முடித்ததும் விட்டுவிடும்.

அடித்தள பார்க்கிங்கிலிருந்து வெளியே வந்தால் இடம் பிடிக்க வெகுநேரம் ஆகிறது.

கிராஃபீனில் வைஃபை சிக்னல்களை வைத்து இடம் கணிக்கும் வசதி இயல்பில் அணைந்திருக்கும், செயற்கைக்கோளை மட்டுமே நம்பும். செட்டிங்ஸின் லொகேஷன் பக்கத்தில் நெட்வொர்க் லொகேஷனைப் போட்டு, கிராஃபீனின் புராக்ஸியை (இடையில் நிற்கும் சர்வர்) தேர்ந்தெடுங்கள். போனை டேஷ்போர்டின் மேல், கண்ணாடி அருகே வைப்பதும் உதவும்.

வாடகைக் காரில் இணைக்கலாமா? எதைத் தொட்டால் எது மிச்சமாகும்?

வெறும் புளூடூத் இணைப்பில்தான் கவனம் தேவை. இணைக்கும்போது ‘தொடர்புகளையும் அழைப்பு வரலாற்றையும் பகிரவா’ என்று ஒரு டிக் வரும். அதை எடுத்துவிட்டு இணையுங்கள். விட்டுவிட்டால் கார் உங்கள் முகவரிப் புத்தகத்தைத் தன் நினைவில் படியெடுத்துக்கொள்ளும். கான்டாக்ட் ஸ்கோப்ஸ் இங்கே காக்காது, ஏனெனில் பகிர்வது செயலி அல்ல, சிஸ்டமே. சார்ஜ் மட்டும் வேண்டுமென்றால் பன்னிரண்டு வோல்ட் சாக்கெட்டில் உங்கள் சொந்த சார்ஜரைப் போடுங்கள். காரைத் திருப்பித் தரும்போது காரின் திரையிலேயே உங்கள் போன் பெயரை நீக்குங்கள். உங்கள் போனில் நீக்கினால் மட்டும் காரின் பிரதி அழியாது.

மைக்ரோஜி (பிளே சர்வீசஸுக்குத் திறமூல மாற்று) வைத்த லினியேஜ் போன்ற மாற்று ஆண்ட்ராய்டுகளில் ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓடுமா?

அங்கே வழி கரடுமுரடு. ஆண்ட்ராய்டு ஆட்டோவை சிஸ்டம் செயலியாக்க வேண்டியிருப்பதால் பொதுவாக ரூட் செய்து (போனின் முழு அதிகாரத்தையும் திறந்து) மாட்யூல் எனும் துணைப் பொதியைப் போட வேண்டிவரும். கார் திரைக்காக ரூட் செய்வது எனக்கு உவப்பில்லை. கூகுள் நீக்கிய இன்னொரு ஆண்ட்ராய்டான /இ/ஓஎஸ் தானாகவே ஆதரவு தருகிறது.

போனை இவ்வளவு இறுக்கிய பிறகு காரே உளவு பார்த்தால்?

பார்க்கும். 2023இல் மொசில்லா 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்து, ஒன்றுகூடத் தேறவில்லை என்றது. காருக்குள் இருக்கும் சிம்முக்கு உங்கள் போன் தேவையே இல்லை. வேகம், பிரேக், இடம் எல்லாம் அது நேராக அனுப்பும். செய்யக்கூடியது: காரின் செட்டிங்ஸில் தரவுப் பகிர்வு, கனெக்டட் சேவைகள் என்று இருப்பவற்றை அணைப்பது, நிறுவனத்தின் துணைச் செயலியைப் போனில் போடாமலே இருப்பது. அணைப்பதற்குமுன் அவசர அழைப்பு வசதியும் அதே இணைப்பில் ஓடுகிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காரின் வைஃபைக்கு உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சிம் இல்லாத காருக்கும் நீங்களே வாசல் திறந்ததாகிவிடும்.