செத்த கிருமியா, உயிருள்ள கிருமியா? செல் கண்டுபிடிக்கும் விதம்

கேள்வி (பிளஸ் டூ மாணவி): சூடுபடுத்திக் கொன்ற பாக்டீரியாவிலும் அதே சுவர்தானே இருக்கிறது? அப்புறம் உடம்புக்கு எப்படி வித்தியாசம் தெரிகிறது?

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். சுவர் மட்டுமல்ல, டிஎன்ஏகூட செத்த பிறகும் கிடக்கும். சீக்கிரம் அழிவது தூது ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்வதற்காக டிஎன்ஏவிலிருந்து எடுக்கும் நகல். பாக்டீரியாவில் அதன் ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். உயிரோடு இருக்கும் கிருமிதான் அதைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதை அலமாரிப் பாத்திரம் சொல்லாது, அடுப்புச் சூடு சொல்லும். அது போலத்தான்.

2011இல் நியூயார்க்கில் ஜூலி பிளாண்டர், லெய்ஃப் சாண்டர் குழுவினர் இதைக் காட்டினார்கள். எலியின் விழுங்கு செல்களுக்கு (கிருமியை விழுங்கும் பாதுகாப்பு செல்கள்) ஈ.கோலை என்ற பாக்டீரியாவை உயிரோடும் கொன்றும் கொடுத்தார்கள். இரண்டுக்கும் அழற்சி வந்தது. ஆனால் இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்ஃபெரான் பீட்டா என்ற இரண்டு எச்சரிக்கைப் புரதங்கள் உயிருள்ளதற்கு மட்டுமே நன்றாகச் சுரந்தன. கொன்ற கிருமியோடு பாக்டீரியா ஆர்என்ஏவைச் சேர்த்துக் கொடுத்ததும் அவை திரும்ப வந்துவிட்டன! எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

கேள்வி (நர்ஸ்): மனித செல்லிலும் இதே கதையா?

ஆமாம், ஆனால் உணரும் கருவி வேறு. நம் செல்லில் விழுங்கிய பையின் உள்ளேயே டிஎல்ஆர்8 என்ற உணரி அந்த ஆர்என்ஏவைப் பிடிக்கிறது. எலியின் டிஎல்ஆர்8 அப்படி வேலை செய்வதில்லை.

கேள்வி (ஆய்வக உதவியாளர்): லிஸ்டீரியா என்ற பாக்டீரியா அந்தப் பையைக் கிழித்து வெளியே வந்துவிடுமே?

வந்ததும் சைக்ளிக் டை-ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறைத் தன்னிலிருந்து, பைக்கு வெளியே உள்ள செல்திரவத்துக்குள் தள்ளும். ஸ்டிங் என்ற புரதம் அதைப் பிடித்து இன்டர்ஃபெரானைக் கிளப்பும்.

கேள்வி (இளம் தாய்): குழந்தைக்குப் போட்ட பிசிஜி, காசநோய்த் தடுப்பூசி, உயிருள்ளதாமே?

ஆமாம், உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமிதான். ஆனால் காசநோய்க் கிருமி பையைத் துளைக்கப் பயன்படுத்தும் இஎஸ்எக்ஸ்-1 அமைப்பு இதில் இல்லை. அதனால் செல்திரவத்தில் இருக்கும் உணரிகளை இது பெரிதாக எழுப்புவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் லிஸ்டீரியாவின் துளைக்கும் புரதத்தைச் சேர்த்து, விபிஎம்1002 என்ற தடுப்பூசியை ஜெர்மனியில் உருவாக்கினார்கள்.

கேள்வி (அதே மாணவி): அப்படியானால் இன்டர்ஃபெரான் எவ்வளவு வந்தாலும் நல்லதுதானா?

இல்லைம்மா. அந்த இன்டர்ஃபெரானை உணர முடியாத எலிகள்தான் லிஸ்டீரியாவை நன்றாகத் தாங்குகின்றன.